இரண்டாவது வேலைக்குப் போகும்போது

வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், விஷயம் புரிந்துவிடும். வந்தவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டுகிறார். ஃபோர்மேன் அதை வாங்கிப் பெயரையும் வருடத்தையும் பார்க்கிறார், மேஜையில் கவிழ்த்து வைக்கிறார். பிறகு ஓரமாகக் கிடக்கும் இரண்டு பைப் துண்டுகளைக் காட்டுகிறார். "போட்டுக் காட்டு தம்பி." அதற்கு மேல் பேச்சு கிடையாது. இரண்டு வருடப் பயிற்சியைப் பார்க்கச் சில விநாடி, ஒரு பைப் துண்டைப் பார்க்க அரை நாள்.

இந்தக் காட்சியைச் சாட்சிக்கு அழைத்து இரண்டு கட்சிகள் ஓயாமல் வாதாடுகின்றன. காகிதத்துக்கு மதிப்பே இல்லை, பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் உட்காருவதற்கு நேரே ஒரு பட்டறையில் சேர்ந்துவிடலாம் என்பது ஒரு கட்சி. பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருப்பதைவிட ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால் வேலை உறுதி என்பது மற்றது. இரண்டையும் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று பார்த்தால், இரண்டு பேருமே முதல் வேலையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். நிலையங்களும் அப்படித்தான். முடித்தவர்களில் எத்தனை பேருக்கு உடனே வேலை கிடைத்தது என்ற ஒரே எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுகின்றன. ஆனால் முதல் வேலை என்பது தெரிந்தவர் மூலம் கிடைக்கலாம், ஆள் தட்டுப்பாட்டில் கிடைக்கலாம், குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டதால் கிடைக்கலாம். அதை வைத்துப் பயிற்சியை அளக்க முடியாது. அந்த முதல் வேலை போன பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நிற்கும்போது அந்தப் பயிற்சி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

ஃபோர்மேன் காட்டும் துண்டு

பைப் வேலைக்கு வழக்கமாகக் கொடுப்பது 6ஜி என்ற தேர்வு. 6 அங்குல கார்பன் ஸ்டீல் பைப், ஷெட்யூல் 80, சுவர்த் தடிப்பு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். இரண்டு துண்டுகளின் விளிம்பையும் 30 முதல் 37.5 டிகிரி வரை சாய்த்துச் சீவி, நடுவில் 3 மில்லிமீட்டர் கேப் விட்டு, நான்கு இடத்தில் டேக் எனும் சிறு பிடிப்பு வெல்ட் போட்டு, 45 டிகிரி சாய்வில் ஸ்டாண்டில் இறுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பைப்பைத் திருப்பக் கூடாது. சுற்றி வர வேண்டியவர் வெல்டர்தான். ரூட்டை, அதாவது அடியில் முதலில் போடும் வெல்டை, ஆர்கான் வாயுவில் வயர் ஊட்டும் டிக் முறையில் போட்டு, மேலே 7018 என்ற பூச்சு பூசிய ராடால் நிரப்பச் சொல்வது பரவலான வழக்கம். ஒரே சுற்றில் தலைக்கு மேலேயும் செங்குத்தாகவும் சரிவாகவும் போட வேண்டி வருவதால், இதில் தேறியவருக்கு எல்லா நிலைகளுக்கும் தகுதி கிடைத்துவிடும்.

தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் தோற்கிறார்கள். முதலாவது, கடிகாரத்தில் 6 மணி இருக்கும் அடிப்பகுதி. அங்கே உருகிய உலோகம் தன் எடையில் வெளிப்பக்கமாகத் தொங்கும். பைப்புக்கு உள்ளே பார்த்தால் ரூட் புடைத்து நிற்பதற்குப் பதில் குழிந்திருக்கும். கரன்ட் கூடுதல், ஆர்க் நீளம், வயரைக் கேப்புக்கு வெளியே வைத்து ஊட்டுவது, மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். இரண்டாவது, டேக்கோடு பீடு, அதாவது போட்டுக்கொண்டு வரும் வெல்ட் வரி, சேரும் இடம். டேக்கின் இரண்டு முனைகளையும் கிரைண்டரால் மெலிதாகச் சரித்துவிடாமல் அதன் மேலேயே ஓட்டினால் அடியில் உருகாத ஒரு வரப்பு நின்றுவிடும். மூன்றாவது, ராடு தீர்ந்து புது ராடு பிடிக்கும் இடம். பழைய பள்ளத்துக்குச் சற்று முன்னால் ஆர்க் எழுப்பி, பின்னால் வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். அவசரத்தில் பள்ளத்திலேயே குத்துபவர்களுக்கு அங்கே துளை விழும். பிறகு ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகிப் படியும் கசடு. ஒரு வெல்ட் அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓரங்களைச் சுத்தமாகத் தட்டித் தேய்க்காவிட்டால், மாட்டிக்கொண்ட ஸ்லாக் எக்ஸ்ரேயில் கோடாகத் தெரியும்.

இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ஆனால் பயிற்சி நிலையத்தின் பட்டறைக்குள் போனால் நடப்பது வேறு. மாணவருக்குத் தட்டையான தகடு. அது இடுப்பு உயர மேஜையில் கிடக்கிறது. கரன்டை ஆசிரியர் வைத்துக் கொடுத்திருக்கிறார். ராடு புதுப் பெட்டியிலிருந்து வருகிறது. பீடு அழகாக விழுகிறது, மதிப்பெண்ணும் விழுகிறது. வேலையிடத்தில் அவர் ஒரு தாங்கியின் மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, நீண்ட கேபிளின் கடைசியில், மெஷினில் காட்டும் கரன்ட் ராடு முனைக்கு முழுதாக வந்து சேராத நிலையில் போட வேண்டியிருக்கும். 7018 ராடு ஈரத்தை உறிஞ்சும். பெட்டி திறந்த பிறகு 120 முதல் 150 டிகிரி வரை சூடான அடுப்பில் வைத்திருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருப்பார். ஆனால் ஈர ராடு போட்டால் பீடு எப்படிச் சீறும், எப்படித் துளை விழும் என்று ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு யாரும் ஈர ராடு கொடுக்கவில்லை.

காரணம் பணம்தான், சுற்றி வளைக்க வேண்டியதில்லை. பைப் விலை, ராடு விலை, ஆர்கான் வாயுவின் விலை. சீவிச் சேர்த்துப் போட்டு அறுத்துப் பார்த்த துண்டை மறுபடி பயன்படுத்த முடியாது. நிலையத்துக்கு அது நஷ்டம். அதனால் போட்ட துண்டை மடக்கிப் பார்ப்பதே பல இடங்களில் இல்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 9ஆம் பிரிவு விதிப்படி, வெல்டிலிருந்து வெட்டியெடுத்த பட்டையை யு வடிவத்துக்கு மடக்கி, 3 மில்லிமீட்டருக்கு மேல் வெடிப்பு திறந்தால் தோல்வி. மடக்கும் அச்சும் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கியும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். தன் துண்டு பிளந்து வாயைத் திறப்பதைப் பார்த்தவருக்கு அந்தத் தவறு மறக்காது. மேலே அழகாக இருந்ததற்கு மதிப்பெண் வாங்கியவருக்கோ, உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாமல் போய்விடுகிறது. ஒரு நிலையத்தின் தரத்தை ஒரே பார்வையில் சொல்லச் சொன்னால், நான் மெஷின்களைப் பார்க்க மாட்டேன். பின்பக்கம் போய்க் கழிவு இரும்புக் குவியலைப் பார்ப்பேன். அறுத்த, மடக்கிய, பிளந்த துண்டுகள் குவிந்து கிடந்தால் உள்ளே பயிற்சி நடக்கிறது.

சரி, துண்டில் தேறியாயிற்று. அப்படியானால் காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேறியவுடன் அந்த ஃபோர்மேன் தருவதும் ஒரு காகிதம்தான். எந்த முறை, எந்த நிலை, எந்தத் தடிப்பு, எந்த விட்டம் என்று அதில் வரிவரியாக இருக்கும். அதற்கு ஆயுளும் உண்டு. அந்த முறையில் 6 மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி போய்விடும். எல்லையும் உண்டு. 6 அங்குல பைப்பில் தேறியவர், 73 மில்லிமீட்டருக்குக் குறைந்த வெளிவிட்டம் உள்ள குழாயைத் தொட முடியாது, அதற்குத் தனித் தேர்வு. நிலையம் தந்த சான்றிதழில் "வெல்டிங் பயிற்சி முடித்தார்" என்று ஒரே வரி. ஃபோர்மேன் தந்த காகிதத்தில் என்ன முடியும், என்ன முடியாது என்று இரண்டுமே இருக்கிறது. முதல் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிறவர் இரண்டாவதை எழுத்தெண்ணிப் படிக்கிறார்.

பலகையில் ஓடும் மோட்டார்

எலக்ட்ரீஷியன் பயிற்சியில் இதே கோளாறு வேறு உடையில் வரும். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் குறைந்த கரன்டில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் மரப்பலகையில் மூன்று கான்டாக்டர் (காந்த சுவிட்ச்), ஒரு டைமர், கரன்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே எல்லாம் பொருத்தி, படத்தைப் பார்த்து வயர் இழுத்து, மோட்டார் ஓடினால் கைதட்டி, பிரித்து வைத்துவிடுவார்கள். வேலைக்குப் போன பிறகு புதிதாக ஒரு ஸ்டார்ட்டரை வயர் செய்யும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். வாரத்துக்கு இரண்டு தடவை வருவது வேறு கேள்வி: ஸ்டாரில் எடுக்கிறது, டெல்டாவுக்கு மாறும்போது டிரிப் ஆகிறது, ஏன்?

அதற்கு விடை பல. டைமர் நேரம் குறைவாக இருந்து, மோட்டார் போதிய வேகம் பிடிப்பதற்குள் மாறியிருக்கலாம். டெல்டா கான்டாக்டரில் ஒரு முனை கருகி, இரண்டு ஃபேஸில் மட்டும் ஓட முயன்றிருக்கலாம். மோட்டாரின் ஆறு முனைகளில் இரண்டு இடம் மாறியிருக்கலாம். ஓவர்லோட் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தில் அனுபவஸ்தர்களே வழுக்குவதுண்டு. மோட்டார் பெயர்ப்பலகையில் 20 ஆம்பியர் என்று இருந்தால், ரிலேயை எத்தனையில் வைப்பது? டெல்டாவின் உள்ளே, சுருளோடு தொடராக ரிலே இருந்தால் 0.58 மடங்கு, அதாவது 11.6 ஆம்பியர். சப்ளை வரும் லைனிலேயே இருந்தால் 20. முதல் வகையில் 20 வைத்தால் மோட்டார் கருகும்வரை ரிலே சும்மா இருக்கும். இரண்டாம் வகையில் 11.6 வைத்தால் காரணமே இல்லாமல் டிரிப் ஆகிக்கொண்டிருக்கும். ரிலே எங்கே இருக்கிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இதைக் கற்றுத்தர ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதுதான் எரிச்சலான விஷயம். வெல்டிங்கில் இரும்பு விலை என்ற சாக்காவது இருக்கிறது. இங்கே அதே பலகையில், மாணவர்கள் வெளியே நிற்கும்போது ஆசிரியர் ஒரு டெர்மினலைத் தளர்த்தி வைக்கலாம், கான்டாக்டரின் ஒரு முனைக்குள் காகிதம் செருகலாம், டைமரை ஒரு விநாடிக்கு இறக்கலாம். பிறகு உள்ளே அழைத்து, "ஓடவில்லை, கண்டுபிடி, எந்த இடத்தில் என்ன அளந்தாய் என்று வரிசையாக எழுது" என்று சொல்ல வேண்டும். அந்த வரிசைதான் பயிற்சி. சப்ளை இருக்கிறதா என்று பார்க்கும் முன் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் தொட்டுப் பார்த்தாரா, அளந்த பிறகு மறுபடி தொட்டுப் பார்த்தாரா? மெக்கரில் 500 வோல்ட் வைத்து இன்சுலேஷன் அளந்தபோது 1 மெகாஓமுக்குக் கீழே காட்டியதும் நிறுத்தினாரா, இல்லை "பரவாயில்லை" என்று சுவிட்சைப் போட்டாரா? நேர்முகத்தில் இதைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். கோளாறு தேடாமலே இரண்டு வருடம் முடித்தவர் அங்கே படத்தை ஒப்பிப்பார்.

இரண்டு கோடுகள் குறுக்கிட்ட இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் நேரே பட்டறையில் சேர்வதுதானே சரி, அங்கேதானே நிஜக் கோளாறும் நிஜ பைப்பும் இருக்கிறது" என்ற முதல் கட்சி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது, உகாண்டாவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு.

அங்கே 1,700 இளைஞர்களையும் 1,500 சிறு நிறுவனங்களையும் நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் 6 மாதம், சிலருக்கு நேரடியாக ஒரு நிறுவனத்துக்குள் 6 மாதம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. தொழில் தெரிந்த அளவு இரண்டு பயிற்சிக் குழுவுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நிறுவனத்துக்குள் கற்றவர்களுக்கு வேலை சட்டென்று கிடைத்தது, எதிர்பார்த்ததுபோலவே. நிலையத்தில் கற்றவர்கள் மெதுவாகத்தான் தலையெடுத்தார்கள். ஆனால் காலம் போகப் போக, வரைபடத்தில் நிறுவனத்துக்குள் கற்றவர்களின் கோடு இறங்கியது, நிலையத்தில் கற்றவர்களின் கோடு ஏறி அதைத் தாண்டியது. ஏன் என்று தோண்டியபோது கிடைத்த விடை சம்பளத்தில் இல்லை, வேலை இழந்த பிறகு நடப்பதில் இருந்தது. நிலையத்தில் கற்றவர்கள் வேலை இழந்தால் அடுத்த அழைப்பு சீக்கிரம் வந்தது. அவர்களிடம் தங்கள் திறனை முன்பின் தெரியாதவரிடம் காட்ட ஒரு சான்று இருந்தது. பட்டறையில் கற்றவரின் திறன் அந்தப் பட்டறைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கடையை மூடினால், அந்தத் திறனுக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடுகிறது.

ஒரே ஆய்வை வைத்து உலகத்தையே முடிவு செய்துவிட முடியாதுதான். ஆனால் ஃபோர்மேன் சான்றிதழைக் கவிழ்த்து வைக்கும் காட்சியை இதன் பிறகு நான் வேறு மாதிரி பார்க்கிறேன். சான்றிதழ் இல்லாதவர் அந்த வரிசையிலேயே நின்றிருக்க மாட்டார். துண்டு போட்டுக் காட்டச் சொல்வதற்கு அரை நாளும் ஒரு பைப்பும் செலவாகும். வந்த எல்லோருக்கும் அதைச் செய்ய எந்த நிறுவனமும் தயாராக இல்லை. அரை நாளைச் செலவழிக்கத் தகுந்தவர் இவர் என்று சொல்வதுதான் அந்தக் காகிதத்தின் வேலை. அதைச் செய்துவிட்டதால்தான் அது கவிழ்ந்து கிடக்கிறது.

இதிலிருந்து அடுத்த கேள்வி தானாக வருகிறது: அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்? கற்றுக்கொடுத்தவரே தேர்வு வைத்து அவரே தேர்ச்சியும் அறிவித்தால், நாலைந்து வருடத்தில் எல்லாச் சான்றிதழும் ஒன்றுபோல ஆகிவிடும். எல்லோரும் தேறிய தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது. ஜெர்மனியின் இரட்டை முறையை எல்லோரும் புகழ்வார்கள், வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் கணிப்பில் அதன் முதுகெலும்பு அந்த நாள் கணக்கில் இல்லை. 1969இல் வந்த தொழிற்கல்விச் சட்டத்தின்படி இறுதித் தேர்வை நடத்துவது பயிற்சி கொடுத்த நிறுவனமும் இல்லை, பள்ளியும் இல்லை. தொழில் வணிக அவையோ கைவினைஞர் அவையோ நடத்துகிறது. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர்கள் தரப்பும் சம எண்ணிக்கையில், கூடவே குறைந்தது ஒரு தொழிற்பள்ளி ஆசிரியர். நாளை இவரை வேலைக்கு எடுக்கப்போகிற தரப்பே இன்று மதிப்பெண் போடுகிறது. சும்மா தேற்றிவிட்டால் நஷ்டம் அவர்களுக்கே. 300க்கும் அதிகமான தொழில்களுக்கு இப்படி நாடு முழுவதும் ஒரே வரையறை இருப்பதால், ஓர் ஊரில் கற்றவரின் சான்றிதழை இன்னோர் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

நிறுவனத்துக்குள் மட்டும் கற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1964இலேயே பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் இதைச் சுட்டினார்: எங்கு போனாலும் பயன்படும் திறனைக் கற்றுக்கொடுக்க நிறுவனம் பணம் போடாது, ஏனென்றால் கற்றவர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார். தன்னிடம் மட்டுமே பயன்படுவதைக் கற்றுக்கொடுக்கத்தான் அதற்கு விருப்பம். போட்டி அவ்வளவு கச்சிதமாக இல்லாத நிஜச் சந்தையில் நிறுவனங்கள் பொதுத் திறனுக்கும் செலவழிக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பட்டறையில் நாள்தோறும் நடப்பதைப் பார்த்தால் பெக்கர் சொன்னது அங்கங்கே தலைகாட்டும். ஒரே மெஷினில், ஒரே பாகத்தை, மூன்று வருடம் போட்டவர் அதில் கில்லாடி. அந்தப் பாகம் நின்றுபோனால்தான் சங்கடம்.

நிலையங்கள் பக்கம் நின்று கொடி பிடிக்கவும் முடியாது. துருக்கியில் வேலையற்றோருக்கான பயிற்சித் திட்டத்தைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள், முடிவு 2016இல் வெளியானது. வேலைவாய்ப்பில் கிடைத்த ஏற்றம் ஏறக்குறைய பூஜ்யம். பயிற்சி நடத்திய அதிகாரிகளும் சேர்ந்தவர்களும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. முதல் வருடம் வேலையின் தரத்தில் தெரிந்த சிறு முன்னேற்றமும் மூன்று வருடத்தில் கரைந்துவிட்டது. கொலம்பியாவில் வேறு கதை: மூன்று மாத வகுப்பு, அதை ஒட்டியே ஒரு நிறுவனத்தில் மூன்று மாத வேலைப் பழக்கம். அதில் பயின்ற பெண்களின் வருமானம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. இரண்டுக்கும் பெயர் தொழிற்பயிற்சிதான். அந்த ஒரே பெயரை வைத்துக்கொண்டு "பலன் உண்டா இல்லையா" என்று கேட்டால், மருந்து வேலை செய்யுமா என்று மருந்தின் பெயர் சொல்லாமல் கேட்பதைப் போலத்தான்.

நாற்பத்தைந்து வயதில்

இரண்டாவது வேலையைத் தாண்டி இன்னும் தள்ளிப் போனால் வேறொரு பிரச்சினை காத்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் ஹனுஷெக், வோஸ்மன் உள்ளிட்ட நால்வர் 11 நாடுகளின் தரவுகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பேசியது. தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளவயதில் வேலை வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அந்த முன்னிலை குறைகிறது, பொதுக்கல்வி படித்தவர்கள் தாண்டிப் போகிறார்கள். தொழிற்பயிற்சி நிறுவனத்தோடு நெருக்கமாக நடக்கும் நாடுகளில்தான் இந்தத் தலைகீழ் மாற்றம் அதிகம் தெரிகிறது. இன்றைய மெஷினுக்கு இறுக்கமாகத் தைத்த சட்டை நாளைய மெஷினுக்குப் பொருந்துவதில்லை.

லேத் வேலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெட்டு வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் விட்டத்தையும் பை (π) என்ற எண்ணையும் பெருக்கி வருவதால் வகுத்தால் சுற்று எண்ணிக்கை கிடைக்கும். 50 மில்லிமீட்டர் விட்டம், 150 மீட்டர் வேகம் என்றால் ஏறத்தாழ 955 சுற்று. விட்டம் 25ஆகக் குறைந்தால் 1,910. பழைய லேத்தில் கியரை மாற்றி மாற்றி இதைக் கையால் செய்தவர்கள் உண்டு. அவர்களில் ஏன் மாற்றுகிறோம் என்று புரிந்து மாற்றியவரும் உண்டு, "இந்தப் பாகத்துக்கு இந்த கியர்" என்று மனப்பாடமாகப் போட்டவரும் உண்டு. அப்போது இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம்.

கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சி லேத் வந்ததும் இருவரும் பிரிந்தார்கள். அதில் ஜி96 என்று ஒரு கட்டளை. விட்டம் குறையக் குறையச் சுற்றைத் தானே ஏற்றி வெட்டு வேகத்தை ஒரே அளவில் வைக்கும். சூத்திரம் புரிந்தவருக்கு அது பழைய சிநேகிதர். கட்டளையைப் பார்த்தவுடன் அவருக்கு அடுத்த கேள்வியும் வரும்: முகப்பைச் சீவிக்கொண்டு மையத்துக்குப் போனால் விட்டம் பூஜ்யத்தை நெருங்குமே, அப்போது சுற்று எங்கே போய் நிற்கும்? அதனால்தான் அதற்கு முன்னால் உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கில் பிடித்த பாகம் பறக்கும். மனப்பாடக்காரருக்கு ஜி96 என்பது இன்னொரு மனப்பாடம், வரம்பு வரி இன்னொன்று. ஒன்றை மறந்தால் ஏன் கூடாது என்று அவருக்கே தெரியாது. அளவெடுப்பதிலும் அப்படித்தான். 100 மில்லிமீட்டர் எஃகுப் பாகம் 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 0.024 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். வெட்டி முடித்த சூட்டிலேயே அளந்து "சரி" என்று வைத்தது, ஆறிய பிறகு அளவுக்குக் கீழே போய் நிராகரிக்கப்படும். 0.02 அளவுக்குள் வேலை செய்யச் சொல்லும் இடத்தில் இது தெரியாதவர் மைக்ரோமீட்டரைக் குறை சொல்வார்.

"கணக்கு, வரைபடம், அறிவியல் எல்லாம் எதற்கு, கையில் தொழிலைக் கொடுங்கள் போதும்" என்று பாடத்திட்டத்தைச் சுருக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். அவர்கள் வெட்டச் சொல்லும் அந்தப் பகுதிதான் நாற்பத்தைந்து வயதுக்குச் சேர்த்து வைக்கும் பகுதி. அது முதல் நேர்முகத்தில் தென்படாது, அதனால் வெட்டுவது சுலபமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்வியில் போகிறார்கள். அங்கே தொழிற்பயிற்சியோடு சேர்த்தோ அதற்குப் பிறகோ தொழிற்கல்வி மேல்நிலைச் சான்று வாங்கி, பயன்முறைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியை 1990களில் திறந்துவிட்டார்கள். பயிற்சியில் சேர்வது ஒருவழிப் பாதை இல்லை என்று ஆனதும் அந்தப் பாதையில் போகப் பெற்றோருக்கு இருக்கும் தயக்கமும் குறையும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. தொழிற்கல்வி படித்தவர், பொதுக்கல்வி படித்தவர் என்று இரண்டு வரிசையை நிறுத்திச் சம்பளத்தை ஒப்பிடுவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு வரிசைக்கும் வந்தவர்கள் ஆரம்பத்திலேயே வேறு வேறு குடும்பங்கள், வேறு வேறு மதிப்பெண்கள். ருமேனியாவில் 1973இல் ஒரு சீர்திருத்தம் வந்து, தொழிற்கல்விக்குப் போயிருக்கக்கூடிய பல மாணவர்களைப் பொதுக்கல்வியில் இன்னும் சில காலம் இருக்கவைத்தது. பிறந்த தேதி சற்று முன்னால் பின்னால் இருந்ததால் இரண்டு பக்கமும் விழுந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கைவேலை செய்பவர்களின் பங்கு குறைந்திருந்தது. வருமானத்திலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இதை வைத்துப் பார்த்தால், தொழிற்கல்வியின் மேல் சுமத்தப்படும் குறைவான சம்பளப் பழியில் ஒரு பகுதி, அங்கே வந்து சேர்ந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சுமையாக இருக்கலாம்.

சேர்வதற்கு முன்

ஒரு நிலையத்தில் சேர யோசிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் விளம்பரத் தாளில் இருக்காது. இறுதித் தேர்வை வைப்பவர் வெளியாளா, அவரை அனுப்பும் அமைப்பு எது? போட்ட துண்டை அறுத்து மடக்கிப் பார்ப்பார்களா? ஒரு மாணவருக்கு மொத்தம் எத்தனை கிலோ ராடு, எத்தனை துண்டு பைப்? இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் வராவிட்டால் அதுவே பதில். நிறுவனத்தில் வேலைப் பழக்கம் பாடத்தில் சேர்ந்ததா, இல்லை "ஏற்பாடு செய்து தருவோம்" என்ற வகையா? அங்கே போனவர்களுக்கு மெஷின் கொடுத்தார்களா, இல்லை துடைப்பம் கொடுத்தார்களா? கடைசிக் கேள்வியை அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை, போன வருடம் முடித்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். அவரிடமே இன்னொன்றும் கேட்கலாம்: முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று வேண்டாம், இப்போது எத்தனையாவது வேலை என்று.

சேர்ந்த பிறகு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு நிலையத்தின் தயவு தேவையில்லை. ஜெர்மனியில் பயிற்சியாளர் எழுதிவரும் பதிவேட்டைக் காட்டாவிட்டால் இறுதித் தேர்வில் உட்கார முடியாது. அதைச் சடங்காக எழுதுபவர்களே அங்கும் நிறைய என்றாலும், ஒழுங்காக எழுதிய நோட்டுக்கு நேர்முகத்தில் தனி எடை உண்டு. எழுத வேண்டியது "இன்று வெல்டிங் பயின்றேன்" என்பதில்லை. தேதி, துண்டு, அமைப்பு, என்ன தவறியது, எதை மாற்றியதும் சரியானது, இவ்வளவுதான். மூன்று வரி போதும். "6 அங்குல பைப், 45 டிகிரி, கேப் 3.2. ரூட் டிக், 110 ஆம்பியர், 6 மணி இடத்தில் உள்ளே குழிவு. 95க்கு இறக்கி, வயரைக் கேப்புக்கு உள்ளே தள்ளி ஊட்டினேன், அடுத்த துண்டில் குழிவு இல்லை. மடக்கியதில் டேக் சேரும் இடத்தில் 4 மில்லிமீட்டர் வெடிப்பு. நாளை டேக் முனையை இன்னும் மெலிதாகச் சீவ வேண்டும்."